சுணங்கி வரும் மெயில்

“கப்பலிலை வேலை செய்யிற மகன்ரை மெயில் வரச் சுணங்குது, தம்பி. இவர் கொம்பியூட்டரைத் திருத்தக் குடுக்கமாட்டனெண்டவர். நான்தான் இழுத்துக்கொண்டு வந்தனான்,” என்றாள் இராசாத்தி. கணவர் சிமியோன் கணினிப் பையை மெல்ல மேசையில் வைத்தார்.

கணினி திருத்தும் கடைக்கார ஜெயசுதன் அதைத் திறந்து பார்த்தான். “பதினோராயிரம் விளம்பர மெயில் பஸ்ஸிலை மாதிரி நெருக்கிக்கொண்டு நிக்குது. மகன்ரை மெயில் எங்கையம்மா ஏறும்?”

இராசாத்தி சிரித்துக்கொண்டே ஓட்டோ பிடிக்க வெளியே போனாள்.

குப்பையை அழித்ததும் எல்லாம் மளமளவென்று இறங்கி முடிந்தது. “இனி அனுப்பின நிமிசமே வரும், ஐயா.”

சிமியோன் வாசலைப் பார்த்தபடி குரலைத் தாழ்த்தினார். “பழையபடி சுணங்கப் பண்ணித் தாரும், தம்பி.”

“ஏன் ஐயா?”

“கொம்பியூட்டர் பிழையெண்டுதான் அவளுக்குச் சொல்லி வைச்சிருக்கிறன். மகன் செத்திட்டானெண்டு கப்பல்காரர் போட்ட மெயில் மாசியிலையே வந்திட்டுது. அது மட்டும் சுணங்கேல்லை.”