அரைத் தட்டு

அவள் தொடங்கியதும் அவன் கைதட்டித் தாளம் போட்டான்.

குவைத்தில், ஆறு பேர் தங்கும் அறை. வெள்ளிக்கிழமை சாயங்காலம். மற்றவர்கள் துணி துவைக்கப் போயிருந்தார்கள். தலையணையில் சாய்த்து வைத்த போனில் மகள் ஷெரின். வயலினைத் தோளில் ஏற்றிக்கொண்டு, அதுவரை பார்த்தேயிராத ஓர் இசைத்தாளைப் படித்தபடியே வாசித்தாள்.

மூன்றாவது வரியில் வில் நின்றது.

“எப்பா, பிந்திட்டீங்களே.”

அவன் பிந்தவில்லை. சர்ச்சில் ஒன்பது வருடம் டிரம் அடித்த கை அது. அவள் வாசிப்பது பாளையங்கோட்டையிலிருந்து அவனிடம் வந்து, அவன் தட்டுவது திரும்பிப் போய்ச் சேர்வதற்குள் அரைத் தட்டு நேரம் கடந்துவிடுகிறது.

வயலின் பரீட்சையில் புதுத் தாளைக் கையில் கொடுத்து உடனே வாசிக்கச் சொல்வார்களாம். தாளம் பிசகினால் எல்லாம் போயிற்று. தாளம் போடும் செயலி அவள் போனிலேயே இருக்கிறது.

அது வேண்டாம் என்றாள். அப்பா தட்டினால்தான் வரும்.

அடுத்த வெள்ளி, அவன் அரைத் தட்டு முந்தித் தட்டினான்.

வில் நிற்கவில்லை. மூன்றாவது வரியைத் தாண்டிற்று. தாள் முடிந்தது.

“எப்பா! பக்கத்துல உக்காந்து தட்டுன மாதிரியே இருக்கு!”

அவனுக்கு அப்படி இல்லை.

அவன் தட்டு ஒவ்வொன்றும் அவளுடைய சுரங்களுக்கு நடுவே, வெறும் இடத்தில் விழுந்தது. காதுக்கு இணங்கினால் கை பிந்திவிடும். காதை விட்டுவிட்டுக் கையைப் பழக்கினான். வேலையிடத்தில், அவன் ஓட்டும் கிரேனில், அடுத்த பாரம் ஏறும்வரை, தொடையில் தட்டித் தட்டிப் பழகினான்.

இரண்டு வருடம். ஒரு வெள்ளிகூடத் தவறவில்லை.

சுரமும் தட்டும் சேர்ந்து விழுவதை அவள் கேட்டாள். அவன் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

பிறகு லீவு கிடைத்தது.

ஊருக்கு வந்த மறுநாள் காலை. ஷெரின் அவன் தோளுக்கு வளர்ந்திருந்தாள். ஸ்டாண்டில் புதுத் தாள் ஒன்றை வைத்தாள். அவன் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

வில் தந்தியில் இறங்கியது. அவன் தட்டினான்.

இரண்டாவது வரியில் நிறுத்திவிட்டாள்.

“ஏம்ப்பா முந்துதீங்க? நான் இங்கனதான இருக்கேன்?”

சிரித்துக்கொண்டு மறுபடி தட்டினான். மறுபடி முந்தியது.

மெதுவாகத் தட்டினான். அப்போதும் முந்தியது.

யாரும் சிரிக்கவில்லை.

“விடுங்கப்பா. நீங்க சும்மா இருந்து கேளுங்க.”

முதல் வரியிலிருந்து எடுத்தாள். வில் அசைந்த அதே கணத்தில் சத்தம் வந்தது.

அவன் உள்ளங்கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டான்.