வியாழக்கிழமைக்குப் பிறகு

சிவசைலம் காலை ஆறு மணிக்குக் கணினியின் பொத்தானை அழுத்திவிட்டு அடுக்களைக்குப் போவார். பழைய கணினி அது. விழித்து முடிக்க ஏழு நிமிடம் ஆகும். அதற்குள் ஒரு தம்ளர் காப்பி தயாராகிவிடும்.

ஒரு தம்ளர்தான். மனைவி வடிவு மறைந்து இரண்டு வருடம் ஆகிறது.

பிறகு நாற்காலியில் அமர்ந்து, மகள் கோமதியின் அன்றைய நாளைப் படிப்பார்.

தாயின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவள், தன் மடிக்கணினி பழுதானதால் இதில் அலுவல் பார்த்தாள். புனேவுக்குத் திரும்பும் அவசரத்தில் தன் கணக்கை மூட மறந்துவிட்டாள். மறுநாள் காலை அவளுடைய நாட்காட்டி திரையில் தானாக விரிந்தது.

ஒன்பதரை மணி, அலுவலகக் கூட்டம். இரண்டு மணி, பல் மருத்துவர். சனிக்கிழமைதோறும் மாலை ஐந்து மணி, பேத்தி மித்ராவுக்கு நீச்சல்.

மூடிவிட வேண்டும் என்று அன்றே நினைத்தார்.

மூடவில்லை.

அவளிடம் சொல்லவும் இல்லை.

வடிவு இருந்தவரை, மகள் தொலைபேசியில் அழைத்தால் அவர் சொல்வது ஒரே வாக்கியம்.

"இரு, அம்மாட்ட குடுக்கேன்."

இப்போது கொடுப்பதற்கு ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தந்தையும் மகளும் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவார்கள். மழையைப் பற்றிப் பேசுவார்கள். நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும்.

மற்றதெல்லாம் திரையில் இருந்தது.

இரண்டு வாரத்துக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை, அதில் புதிதாக ஒரு வரி வந்திருந்தது.

வியாழன், பதினொரு மணி, பயாப்சி முடிவு.

அந்தச் சொல்லை அவர் அறிவார். வடிவின் மருத்துவக் கோப்பில் முதல் தாளிலேயே இருந்த சொல்.

காப்பி ஆறிப்போயிற்று.

மறுநாள், புதன்கிழமை காலை, நாட்காட்டியை மறைத்துக்கொண்டு ஒரு சிறிய பெட்டி வந்து நின்றது. கடவுச்சொல்லைக் கேட்டது.

அவரிடம் அது இருந்தது. ஊருக்குப் புறப்பட்ட அன்று பயணச்சீட்டை அச்செடுப்பதற்காகக் கோமதியே சொல்ல, அவர் குறித்துவைத்தது. வடிவின் பெயர்; அதையடுத்து, வடிவு பிறந்த ஆண்டு.

ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாக அடித்தார். பெட்டி மறைந்தது. உடனே மீண்டும் வந்தது. மூன்று முறை கேட்டுவிட்டு ஓய்ந்தது. அணைத்துவிட்டு மறுபடியும் போட்டால், மறுபடியும் மூன்று முறை.

முப்பது வருடம் நில அளவையராக இருந்தவர். அளவு பொருந்தாவிட்டால் நிலத்தைச் சந்தேகிக்கமாட்டார்; தம் கையைத்தான் சந்தேகிப்பார். ஆகவே கண்ணாடியைத் துடைத்துவிட்டு அடித்தார். பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு அடித்தார். ஆறாம் நாள் புதிய விசைப்பலகை ஒன்று வாங்கி வந்து அதில் அடித்தார்.

பெட்டி கேட்டுக்கொண்டே இருந்தது.

அதன் பின்னால் அந்த வியாழக்கிழமை அப்படியே நின்றது. அதற்கு அப்பால் புதிதாக எதுவும் வந்து சேராமல் கட்டங்கள் வெள்ளையாக இருந்தன. சனிக்கிழமை நீச்சல் மட்டும் வாரந்தோறும் எழுதியிருந்தது. அது என்றோ ஒரு முறை பதிந்தது. போனார்களா, இல்லையா என்பது அதற்குத் தெரியாது.

இடையில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன.

"நல்லா இருக்கியாம்மா?"

"நல்லா இருக்கேன்ப்பா. அங்க மழையா?"

அவர் அந்தக் குரலையே கேட்டுக்கொண்டிருந்தார். வழக்கமான குரல்.

கேட்பதென்றால், தமக்கு எப்படித் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும்.

"தூறலா இருக்கு" என்றார்.

பதினான்காம் நாள், பேருந்து நிலையத்துக்கு அருகில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் சாகுல் வந்தார். பெட்டியைப் பார்த்தார். புதிய விசைப்பலகையையும் பார்த்தார்.

"சார், நீங்க தப்பா அடிக்கல. ஒங்க மக பாஸ்வேர்ட மாத்திட்டாங்க."

"ஏன் மாத்தணும்?"

"ஆபீஸ்ல மாத்தச் சொல்லிருப்பாவ. போன் தொலைஞ்சிருக்கும். யாரும் எட்டிப் பாத்துரக் கூடாதுன்னும் மாத்துவாவ." சாகுல் சிரித்தார். "இதுக்குப் போயி புது கீபோர்டா? நல்ல ஆளு சார் நீங்க!"

சிவசைலம் சிரிக்கவில்லை.

"புதுசு என்னன்னு அவங்கட்ட கேட்டு அடிச்சிட்டா பழையபடி எல்லாம் வந்துரும். இல்லன்னா இந்த அக்கவுண்டையே எடுத்துருதேன். பெறகு பொட்டி வாயத் தொறக்காது. எது சார்?"

அவர் வெள்ளைக் கட்டங்களைப் பார்த்தார். கடவுச்சொல்லைக் குறித்துவைத்த தாளைப் பார்த்தார். வடிவின் பெயர் இனி எதையும் திறக்காது.

"எடுத்துருப்பா."

இரண்டு சொடுக்குகள். வியாழக்கிழமை போயிற்று. சனிக்கிழமைகளும் போயின.

சாகுல் கணினியை அணைத்து, மீண்டும் போட்டுக் காட்டிவிட்டுச் சென்றார். ஏழு நிமிடம் ஆயிற்று. எதுவும் கேட்கவில்லை. நீலத் திரை மட்டும் இருந்தது.

சிவசைலம் தொலைபேசியைக் கையில் எடுத்தார். செவ்வாய்க்கிழமை, மணி பத்தேகால். அவள் கூட்டத்தில் இருக்கிறாளா, சாலையில் இருக்கிறாளா, மருத்துவமனையில் இருக்கிறாளா என்பது அவருக்குத் தெரியவில்லை.

அவள் எடுத்ததும், இரண்டு வருடமாகப் படித்துவந்ததை முதலில் சொல்லிவிடுவது; அதன் பிறகு வியாழக்கிழமையைப் பற்றிக் கேட்பது என்று முடிவு செய்தார்.