குடும்பத்துடன்

அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். தலைவர் நாற்காலியில் பெரியவர். பக்கத்தில் தம்பி மகன். கம்பெனியை இப்போது நடத்துவது அவன்தான். இன்னொரு பக்கம் கணக்குப் பிரிவின் மூத்த அலுவலர், எல்லோருக்கும் கணக்கம்மா. எதிரே விழா ஏற்பாட்டுக்காரர். வாயைத் திறந்தாலே 'தலைக்கு இவ்வளவு' என்பதால் அவருக்குத் தலைக்கணக்கர் என்று பெயர். எத்தனை பிள்ளைகள் என்று யாரோ கேட்டதற்கு மூன்று தலை என்று சொன்னவர். மேசையின் கடைசியில், தொழிலாளர் சார்பில், பட்டறை போர்மேன்.

போர்மேன், பெரியவரின் ஒரே மகளைக் கட்டியவர். பெரியவரைக் கேட்காமல் கட்டியவர்.

மாப்பிள்ளை என்ற சொல் அந்தக் கட்டடத்தில் புழங்குவதில்லை. பதினொரு வருடமாக இருவருக்கும் நேர்ப்பேச்சு கிடையாது. வேலை விஷயம் ஏதாவது வந்தால் பெரியவர் கணக்கம்மாவின் பக்கம் திரும்பி, அவர்கிட்ட கேளுங்க என்பார். நான்கடி தள்ளி உட்கார்ந்திருக்கும் போர்மேனும் கணக்கம்மாவைப் பார்த்தே பதில் சொல்வார். மகளைப் பெரியவர் கண்ணால் பார்த்தும் பதினொரு வருடம்.

கம்பெனிக்கு ஐம்பது வயது. விழாச் செலவு, ஒதுக்கிய தொகையைத் தாண்டி ஒன்றரை மடங்காக வந்து நின்றது. மூன்றில் ஒரு பங்கு குறைந்தால்தான் இயக்குநர் குழு கையெழுத்துப் போடும்.

தலைக்கணக்கர் கைவசம் ஒரு வழி இருந்தது. அழைப்பிதழின் நகலை மேசை நடுவே தள்ளினார். 'தாங்கள் குடும்பத்துடன் வருகை தந்து' என்ற வரியில் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தார்.

இந்த ஒன்று போனால் தொள்ளாயிரம் தலை முந்நூறாகும் என்றார். சின்ன மண்டபம் போதும். வேறெதிலும் கை வைக்க வேண்டியதில்லை.

பெரியவர் முடியாது என்றார். பெண்டாட்டி பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வா என்று கூப்பிடுவதற்குப் பெயர் அழைப்பு இல்லை, ஆளெடுப்பு என்றார். முந்நூறு பேருக்கும் ஒரே தாள், ஒரே வாசகம். அதில் ஓர் எழுத்து குறையக் கூடாது என்றார். அவர் அப்படித்தான் பேசுவார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் யாரும் எதிர்பார்க்கவில்லை.

அந்தச் சொல் நிற்கட்டும், வேறு எதை வேண்டுமானாலும் எடுங்கள் என்றார்.

மேடைப் பூவை எடுத்தார்கள். தலையசைத்தார். பெரிய திரையை எடுத்தார்கள். தலையசைத்தார். கண்ணாடிக் கேடயங்கள் காகிதச் சான்றிதழ்களாகின. சாப்பாட்டில் இரண்டு வகை குறைந்தது. வாசலில் கொடுக்கவிருந்த பழச்சாறு வெறும் தண்ணீரானபோது மட்டும் கண்ணை மூடித் திறந்தார். கோப்பை சிறிதாக இருக்கிறது என்று ஒரு காலத்தில் தேநீர்க்காரரையே திருப்பி அனுப்பிய மனிதர்.

இன்னும் போதவில்லை. தம்பி மகன் தொண்டையைச் செருமினான். தாத்தாவைப் பற்றி எடுக்கவிருந்த படம் ஒன்று இருக்கிறதே பெரியப்பா என்று இழுத்தான்.

தாத்தா என்றால் பெரியவரின் அப்பா, கம்பெனியைத் தொடங்கியவர். அந்தப் படத்துக்காக எட்டு மாதம் உட்கார்ந்து எழுதியவர் பெரியவர்.

எடுத்துவிடு என்றார்.

கணக்கம்மா யாரையும் பார்க்காமல் எழுந்து, புதுக் கணக்கை அச்செடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனார். தம்பி மகனுக்கு அழைப்பு வந்தது; சன்னலோரம் போய் முதுகைக் காட்டி நின்றான். தலைக்கணக்கர் தலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

போர்மேன் மெதுவாக அழைப்பிதழைத் தன் பக்கம் இழுத்தார். சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். பதினொரு வருடத்தில் முதல் முறையாகப் பெரியவரின் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"எங்களுக்காக நீங்க இவ்வளவு எறங்கி வர வேண்டாங்க. எங்க ஆளுங்க தனியா வந்துக்குவாங்க. பெரிய ஐயா படம் இருக்கட்டும்."

குரலில் குத்தல் இல்லை. உண்மையாகவே மனம் இளகிச் சொன்னார்.

பெரியவர் பக்கத்து நாற்காலிக்குத் திரும்பினார். "அவர்கிட்ட சொல்லுங்க..."

நாற்காலி காலியாக இருந்தது.

வேண்டாம் என்று ஒரு சொல். நேராகத் திரும்பிச் சொன்னால் போதும். பெரியவர் அந்தக் காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து திரும்பவில்லை.

பென்சில் கோடு இழுக்கிற சத்தம் கேட்டது. இரும்பில் அளவு குறித்துப் பழகிய கை. ஒரே கோடு, நேர்கோடு.

கணக்கம்மா புதுத் தாள்களோடு வந்தபோது அவற்றுக்கு வேலை இருக்கவில்லை. அடித்திருந்த சொல்லின் ஓரமாகப் பெரியவர் கையெழுத்துப் போட்டார். எழுத்து எப்போதும்போல நிமிர்ந்துதான் நின்றது.

விழா குறைவில்லாமல் நடந்தது. பூ, திரை, கேடயம், பழச்சாறு எல்லாம் இருந்தன. படம் ஓடியபோது முந்நூறு பேரும் கைதட்டினார்கள். பெரியவர் முதல் வரிசையில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார்.

பெற்ற மகள் அந்தக் கூட்டத்தில் வந்து நின்றுவிடக் கூடாது என்பதற்காகவே கிழவர் அந்தச் சொல்லை அடித்தார் என்று பட்டறையில் இன்றும் பேசுகிறார்கள்.

தவறு. அவர் அடிக்கவில்லை. பதினொரு வருடம் முன்பு வராதே என்று அவர் மகளிடம் சொன்னது தன் வீட்டுக்கு மட்டும். மண்டபம் வாடகைக்கு எடுத்தது.