உழவில் வந்த சொல்

மகள் பெட்டியோடு வரப்பில் வந்து நிற்பது தெரிந்தும் அவர் டிராக்டரை நிறுத்தவில்லை.

மத்தியானப் பேருந்தில் ஏதென்ஸ். அங்கிருந்து ஆஸ்திரேலியா. போகட்டுமே! அங்கே வேலை கிடைத்ததை அவள் சொன்ன நாளிலிருந்து அவர் அவளோடு பேசவில்லை. வீம்பென்றால் அப்படியொரு வீம்பு.

"அப்பா, ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொல்லாம எப்படிக் கிளம்புவேன்?"

கலப்பையின் கொழு எதிலோ மோதியது. வண்டி திணறி நின்றது.

கல்தான். இந்த மந்தினேயாவில் வேறென்ன வரும்? ஒரு காலத்தில் மதிலும் அரங்கமுமாக இருந்த நகரம். இப்போது பூண்டும் உருளைக்கிழங்கும். கிழங்கைவிடக் கல்தான் நன்றாக விளைகிறது.

அவர் இறங்கினார். அவளும் வயலுக்குள் வந்து மண்டியிட்டாள். பயணத்துக்கென்று போட்டிருந்த புதுக் கால்சட்டையில் ஈரமண் அப்பியது. கையாலேயே கல்லைத் துடைத்தாள்.

பழைய எழுத்துகள். இன்னாரின் மகள் இன்னாள் என்று இரண்டு பெயர்கள்.

கீழே ஒரே ஒரு சொல்.

'ஹேரே.'

அது அவருக்கே படிக்க வந்தது. வழியில் யாராவது எதிர்ப்பட்டால் இன்றைக்கும் இந்தப் பக்கத்தில் சொல்கிற வார்த்தைதானே!

"அட, வணக்கம்னு எழுதியிருக்காங்க! பொண்ணு வீட்டுக்கு வந்திருக்கா போல. வாம்மான்னு கூப்பிட்டிருக்காங்க."

வாய் தவறிப் பேசிவிட்டார். அவளிடமேதான்.

அவள் பள்ளியில் பழைய கிரேக்கம் படித்தவள். இது கல்லறைக் கல். இதே சொல்லைத்தான் அந்தக் காலத்தில் செத்துப்போனவர்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள். போய் வா என்று.

சொல்ல வாயெடுத்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் மலர்ந்து எவ்வளவு நாளாயிற்று! பாவம், வேண்டாம்.

"ஆமாப்பா. வணக்கம்தான்."

அவர் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"போயிட்டு வான்னு சொல்ல எனக்கு வாய் வராது, லெமோனியா. அதை மட்டும் கேக்காதே. நீ திரும்பி வர்றப்ப நான் இருப்பேனோ என்னவோ. அன்னைக்குச் சொல்ல வேண்டியதை இப்பவே சொல்லிடறேன்."

மகளின் கன்னத்தில் கை வைத்தார்.

"ஹேரே, மகளே."



சாலையில் பேருந்து ஹாரன் அடித்தது.

அவள் அவர் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எழுந்தாள்.

"வந்துட்டேன்பா" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கினாள்.