சும்மா நின்ற கார்

அவள் கணவனின் கார் வாசலுக்கு வந்து வெகுநேரமாகியும் என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு வாரமாக இதே கூத்துதான். கேட்டால், "சும்மா உக்காந்திருந்தேன்" என்று மழுப்புகிறான்.

பக்கத்து வீட்டு அக்கா மதில் மேல் எட்டிப் பார்த்தாள். "உள்ள ரெண்டு தலை தெரியுதுடி. ஒண்ணு உன் வீட்டுக்காரர் தோள்ல சாஞ்சிருக்கு. நான் எதுவும் சொல்லலப்பா!"

அவளுக்குச் சொல்லி அழ அப்பாகூட வீட்டில் இல்லை. போன வாரம்தான் இவர்களோடு தங்க வந்தவர், இந்த நேரத்தில் நடக்கப் போய்விடுவார்.

விறுவிறுவென்று போய்க் கார் கதவைத் திறந்தாள்.

"யாருங்க இவ..."

கணவனின் தோளில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தவர் அவளுடைய அப்பா.

"மெதுவா!" என்றான் கணவன், ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல். "லாரி ஓட்டின காலத்துல, மாத்து டிரைவர் ஓட்டும்போது தூங்கியே பழகின மனுஷர். என்ஜினும் ஓடணும், பக்கத்துல ஒருத்தர் ஸ்டியரிங்கைப் பிடிச்சுட்டு முழிச்சிருக்கவும் வேணும். இல்லேன்னா பொட்டுத் தூக்கம் வரலையாம்."

"என்கிட்ட சொன்னா என்னவாம்?"

"மக வீட்ல தூக்கம் வரலைன்னா நீ மனசொடிஞ்சு போவியாம்."

குரல் கேட்டு அப்பா கண்ணைத் திறக்காமலே முனகினார். "செக்போஸ்ட்டா, மாப்ளே?"

அவள் சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள்.

"விட்டுட்டாங்க மாமா. நீங்க தூங்குங்க."