தூக்கத்தில் சொன்ன தலாக்

வல்லாஹி! இதில் ஒரு சொல் பொய் என்றால் என் தாடி இந்த நிமிஷமே கொட்டிப்போகட்டும். மகாவலி ஆற்று முதலைக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தேன் என்று முன்பு சொன்னேனே, அதில் கொஞ்சம் உப்புப் புளி சேர்த்தது உண்மை. இது அப்படியில்லை. கலப்படமில்லாத மெய்.

முப்பத்துமூன்றாம் வருஷம். வத்தேகம கடைத்தெருவில் எனக்கொரு தேத்தண்ணிக் கடை. பக்கத்து வீட்டில் தாஸிமும் அவன் மனைவி உம்மு குல்சுமும். தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் புடைவைப் பொட்டணி சுமந்து விற்கிறவன் அவன். பிள்ளைகள் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுது, சோறு தின்று, விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் கிடந்தவன் திடீரென்று கத்தினான்.

"தலாக்! தலாக்! தலாக்!"

என் கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு, வாயால் போனது மூக்கால் வந்தது. மூன்று தரம் சொல்லிவிட்டால் கதை முடிந்ததே!

பொழுது சாய்வதற்குள் பள்ளிவாசல் லெப்பையும் ஊர்ப் பெரியவர்களும் அவன் வீட்டில் கூடிவிட்டார்கள். உம்மு குல்சுமின் கூடப் பிறந்த காக்கா மஹ்மூதும் குண்டசாலையிலிருந்து பறந்து வந்தார். நானும் போனேன். நான் இல்லாமல் இந்த ஊரில் எது நடந்தது?

லெப்பை தொண்டையைச் செருமினார். "நித்திரையில சொன்ன தலாக் செல்லாது. முழிப்புல சொன்னாத்தான் செல்லும். பக்கத்துல ஈந்தது பொண்டாட்டி மட்டும்தான். மகள், மனுஷன் நித்திரையிலயா ஈந்தார், முழிப்புலயா?"

கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "முழிப்புலதான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"என்ட மூஞ்சைப் பார்த்துத்தான் சொன்னார்."

"தாஸிம், நீங்க என்ன சொல்றீங்க?"

தாஸிம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் தலையைக் குனிந்தான். "அவ சொன்னா… சரிதான்."

"பார்த்தீங்களா! என்ட தங்கச்சியை வெத்திலைச் சக்கையாத் துப்பிட்டான்!" என்று மஹ்மூத் குதித்தார்.

ஊர் சும்மா இருக்குமா? "நித்திரையில உளறினதைப் பிடிச்சிட்டு ஓடுறாளே, கல்நெஞ்சுக்காரி" என்றார்கள் பாதிப் பேர். "இல்லையெண்டு ஒரு வார்த்தை சொன்னானா, பாவி!" என்றார்கள் மீதிப் பேர்.

மறுநாள் மாட்டுவண்டி வந்தது. அவளுடைய தகரப் பெட்டியைத் தூக்கி வைத்தது நான்தான். முக்காட்டுக்குள்ளிருந்து மெல்லச் சொன்னாள்.

"நானா, மனுஷன் நல்ல நித்திரையிலதான் ஈந்தார்."

"அடியாத்தே! அப்ப ஏன் புள்ள மாத்திச் சொன்ன?"

"கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து நித்திரையில சிரிப்பார், 'றலியா, றலியா' எண்டு. என்னோட ஒரு நாளும் அப்பிடிச் சிரிச்சதில்ல. அவ எங்கயோ ஈக்கா. நான் குறுக்கால கிடக்கிறதாலதான் அவர் போகாம ஈக்கார். கனவுலயே என்னை விட்டுட்டார். நான் வழியை விட்டுட்டுப் போறேன். அவருக்கிட்டச் சொல்லிடாதீங்க."

வண்டி போய்விட்டது.

மூன்று மாத இத்தாக் காத்திருப்பு முடிந்ததும் மஹ்மூத் அவளுக்கு மடுல்கெல்லையில் ஒரு கடைக்காரரை நிக்காஹ் முடித்துவைத்தார்.

தாஸிம் தனியே கிடந்தான். சாப்பாடெல்லாம் என் கடையில்தான். பகலில் கண் மூடுவதில்லை. அடிக்கடி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பான்: "நானா, இப்ப நான் முழிச்சுத்தானே ஈக்கேன்?"

"நீ முழிச்சுத்தான் ஈக்கா. ஆறிப்போகுது, குடி!"

மழை கொட்டிய ஒரு பகல். கடையில் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்டா இப்பிடிக் கிடந்து சாவுறா? அந்த றலியாவையாவது முடிச்சுக்கயேன்."

திடுக்கிட்டுப் போனான். "றலியாவா? உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நீ கத்துறது கண்டி வரைக்கும் கேக்குமே" என்று சமாளித்தேன்.

கோப்பையைக் கீழே வைத்தான்.

"அப்பிடி ஒருத்தி இந்த துனியாவுலயே இல்ல, நானா. கனவுல மட்டும்தான் வருவா. வாலிபத்துல இருந்து வந்தா. நித்திரையில அவளோட ஒரு வாழ்க்கை, முழிப்புல இவளோட ஒரு வாழ்க்கை. எது மெய் எண்டு எனக்கே தடுமாறிச்சு. அண்டைக்கு உம்மு குல்சும் பக்கத்துல இருந்து விசிறினா. அந்தக் காத்து கனவுக்குள்ளயும் வந்திச்சு. இதுதான்டா மெய், இந்தக் கைதான் மெய் எண்டு அப்பத்தான் விளங்கிச்சு."

"அப்ப லெப்பைக்கிட்ட வாயைத் திறக்கிறதுக்கு என்ன?"

"திறந்தா உம்மு குல்சும் சபையில பொய்க்காரியா நிப்பாளே! அவளுக்குப் போக ஆசை எண்டு நினைச்சேன். போகட்டும் எண்டு விட்டுட்டேன்."

"அது சரி, அப்ப அந்தத் தலாக்?"

"றலியாவுக்குத்தான் சொன்னேன், நானா. அதுக்குப் பிறகு அவளும் வரல்ல."

நான் இன்னொரு தேத்தண்ணி ஊற்றினேன். உம்மு குல்சும் அப்போது மடுல்கெல்லையில் கைப்பிள்ளைக்காரி. நான் யாரிடம் போய் என்னத்தைச் சொல்ல?

இரண்டு பேரும் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அதனால் நீங்களும் மூச்சு விடாதீர்கள். வாய் அரித்துத் தாங்க முடியாவிட்டால், லெப்பை சொன்னார் என்று சொல்லுங்கள். அவர் மௌத்தாகி வெகு காலம். என் பெயர் மட்டும் வேண்டாம்.