மாடி அறை காலி

குளியலறைக் கதவைத் திறந்த வேகத்திலேயே அவள் சாத்திவிட்டாள். அதற்குள் நாற்றம் மூக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"என்னம்மா?" என்றார் பின்னால் நின்ற அப்பா.

"நீங்க பாக்காதீங்கப்பா. அப்புறம் சாப்பாடு இறங்காது."

அப்பா கேட்பாரா? கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தார். தண்ணீர் போகும் துவாரத்தை அடைத்துக்கொண்டு செத்த எலி போல ஒரு தலைமுடிச் சுருள் கிடந்தது. வாளியில் ஊறப்போட்டு மறந்த துணிகளின் மேல் பச்சையாக ஏடு படிந்திருந்தது. அவர் கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

அவளுக்குப் பல்கலைக்கழகத்தில் சேர இடம் கிடைத்துவிட்டது. தங்கத்தான் இடம் முடிவாகவில்லை. வளாகத்துக்குள்ளேயே இருந்த விடுதியைக் காலையில் பார்த்தார்கள். ஒரே அறையில் நாலு கட்டில், குளிக்க வரிசை, இருட்டினால் கேட்டுக்குப் பூட்டு. "நான் படிக்க வந்தேனா, ஜெயிலுக்கு வந்தேனா?" என்று அங்கேயே அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆனால் சாயங்காலத்துக்குள் சரி சொல்லாவிட்டால் அந்தக் கட்டிலும் வேறொருத்திக்குப் போய்விடும்.

வளாகத்துக்கு வெளியே, கூப்பிடு தூரத்தில் இந்த மாடி அறை. பெரிய ஜன்னல், தனிச் சமையலறை, கேட்க ஆளில்லாத சுதந்திரம். குப்பையை மட்டும் மறந்துவிட்டால் சொர்க்கம்.

"மன்னிச்சுக்குங்க சார்," என்றார் கூடவே ஏறி வந்த வீட்டுக்காரர். வெளுத்த சட்டை, நரைத்த மீசை, அதிராத பேச்சு. "என் பொண்ணு மாதிரின்னு நினைச்சுதான் இடம் குடுத்தேன். வீட்டை எப்படி வச்சிருக்கு பாருங்க. அலமாரியைக் கதவு வரைக்கும் இழுத்து இழுத்து, தரையெல்லாம் கீறி வச்சிருக்கு. சொன்னா கேட்டாத்தானே?"

அவர் சொன்ன அந்தப் பெண், காலி செய்யப்போகும் கடைசி வருட மாணவி, சமையலறை வாசலில் சாய்ந்து நின்றாள். தலை படிய வாரி, இஸ்திரி போட்ட உடையில் பளிச்சென்று இருந்தாள். தன்னை மட்டும் மினுக்கிக்கொண்டு இந்தக் குப்பைக்குள் எப்படித்தான் படுத்து எழுந்திருக்கிறாளோ! அதைப் பார்க்கத்தான் இவளுக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது.

சமையலறை குளியலறையைவிட மோசம். தொட்டி நிறைய எச்சில் தட்டுகள். சோற்றுப் பருக்கைகள் மேல் பூனை ரோமம் மாதிரி பூஞ்சை. ஒரு பாத்திரத்தில் ஏதோ வெள்ளையாக நெளிந்தது. இவள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினாள்.

"அக்கா, உங்களுக்குக் குமட்டலையா?"

"பழகிடுச்சு," என்றாள் அந்த மாணவி. "கரப்பான் வேற வரும். தூங்கறப்ப மூஞ்சியில ஏறும். ஹாஸ்டல்ல இடம் கிடைச்சா பேசாம அங்கேயே போயிடு."

"நல்லா இருக்கே!" என்று வீட்டுக்காரர் சிரித்தார். "இந்தப் பொண்ணு காலி பண்ணிட்டுப் போகட்டும், நானே நின்னு கழுவி வெள்ளையடிச்சுத் தர்றேன். ஹாஸ்டல்ல நாலு பேர் இருந்தா நாலு புத்தி. இங்க நான் கீழேயே இருக்கேன் சார், கண்ணும் கருத்துமா பாத்துக்கறேன்."

காலையிலிருந்து விடுதி விடுதி என்று சொல்லிக்கொண்டிருந்த அப்பாவின் முகம் தெளிந்தது. "பெரிய மனுஷர் சொல்றார். நீ என்னம்மா சொல்ற?"

இவள் ஜன்னலைப் பார்த்தாள். மேசையை அங்கே போட்டால் படித்துக்கொண்டே வானத்தைப் பார்க்கலாம்.

"அழுக்குதானேப்பா? தேச்சுக் கழுவினா போயிடும். எனக்கு இந்த ரூம்தான் வேணும்."

அப்பாவும் வீட்டுக்காரரும் பேசி முடிக்கக் கீழே இறங்கினார்கள். இவள் மேசைக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று பின்னாலிருந்து அந்த மாணவியின் கை இவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"சீ, விடுங்க!" என்று உதறினாள்.

பிடி தளரவில்லை. அந்தக் கையில் சோப்பு வாசம்.

"மெதுவாப் பேசு. அந்தத் தட்டு, வாளி, அந்த நாத்தம் எல்லாமே நான் வேணும்னே பண்ணினது. பாக்க வர்றவங்க பயந்து ஓடணும்னு. எல்லாரும் வாசலோட ஓடிட்டாங்க. நீ மட்டும்தான் கழுவிக்கறேங்கற."

"உங்களுக்கென்ன பைத்தியமா? எதுக்கு ஓடணும்?"

"சொன்னா யாரும் நம்பல. அவர் மூஞ்சியைப் பாத்துட்டு என்னைத்தான் ஒரு மாதிரி பாத்தாங்க."

"மகளே, இறங்கி வாம்மா! அப்பா கூப்பிடறார்," என்று கீழேயிருந்து வீட்டுக்காரரின் குரல் இதமாக ஏறி வந்தது.

"எதை நம்பல?" என்று இவள் கேட்டபோது குரல் தானாகவே இறங்கியிருந்தது.

அந்த மாணவி படிக்கட்டைப் பார்த்தபடி இவள் காதோரம் சொன்னாள்:

"நாம தூங்கினதும் மேல வருவார்... அவர்கிட்ட இன்னொரு சாவி இருக்கு."